நயினாதீவா, நெடுந்தீவா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாள் தீவுப் பயணம்: முழுமையான வழிகாட்டி

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு வரும் சொந்தக்காரர் இரண்டாம் நாளே கேட்பார்கள்: "நாளைக்குத் தீவுக்குப் போவமா?" எந்தத் தீவு என்று திருப்பிக் கேட்டால் போனைத் திறந்து நெடுந்தீவுக் குதிரை ஒன்றின் படத்தைக் காட்டுவார்கள். படத்தைப் பார்த்துத் தீவைத் தெரிவுசெய்து, அதற்குப் பிறகு படகைத் தேடினால் நாள் வீணாகிவிடும். நான் கூட்டிக்கொண்டு போனவர்களில் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான்.

கீழே உள்ள ஒழுங்கு அதற்கு நேர் எதிரானது. திரும்பி வரும் படகு முதலில், காற்று அடுத்து, கூட வரும் ஆட்கள் அதற்குப் பிறகு. தீவின் பெயர் ஐந்தாவது இடத்தில்தான் வருகிறது.

1. படகு தேவைப்படும் தீவு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தீவகம் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் பாதிக்குப் படகே வேண்டாம். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் தாம்போதிகளால், அதாவது கடலுக்குக் குறுக்கே போட்ட வீதிகளால், தரையோடு இணைந்தவை. யாழ்ப்பாண நகரின் ஓரத்தில் பண்ணைத் தாம்போதியில் ஏறினால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று கடலைப் பார்த்தபடியே பஸ்ஸில் போய்விடலாம்.

படகில் போகவேண்டியவை நான்கு: நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. முதல் இரண்டுக்கும் புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிறவர்கள் ஊர்காவற்றுறையைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.

இதை முதலிலேயே பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறிகாட்டுவானும் ஊர்காவற்றுறையும் வேலணையைத் தாண்டியதும் வெவ்வேறு திசைகளில் பிரிகின்றன. ஒரு துறையில் படகைத் தவறவிட்டு மற்றத் துறைக்கு ஓடிப் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். அதற்குள் காலைப் படகுகள் போய்விடும்.

கச்சதீவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஒழுங்கு செய்யும் பயணம் அது.

2. கடைசிப் படகிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது "போற படகு எத்தனை மணிக்கு?" என்றுதான். கேட்கவேண்டிய கேள்வி வேறு: "திரும்பி வரக் கடைசி லோஞ்ச் (படகு) எத்தனை மணிக்கு அண்ணை?" போகும் படகைத் தவறவிட்டால் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

நெடுந்தீவுக்கான படகுச் சேவை சுற்றுலாக்காரரை நினைத்து வைத்ததல்ல. தீவில் இருப்பவர்கள் யாழ்ப்பாணம் வந்து அலுவல் பார்க்கவும், ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் தீவுக்குப் போய் வேலை முடித்துத் திரும்பவும் ஓடுகிறது. அதனால்தான் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பும் அமைப்பு. வார நாளில் ஓடும் நேரம் சனி ஞாயிறிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகு பிற்பகல் 2.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம்பிடித்து ஏற 2 மணிக்கே துறையில் நிற்கவேண்டும். தீவைச் சுற்ற ஆகக்குறைந்தது 3 மணித்தியாலம், சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் 1 மணித்தியாலம். அப்படியென்றால் காலை 10 மணிக்கு நீங்கள் தீவில் இறங்கியிருக்கவேண்டும். கடலில் ஏறக்குறைய 1 மணித்தியாலம் போகும். ஆகவே 9 மணிக்குப் பிந்திப் புறப்படும் படகு உங்களுக்கு உதவாது. குறிகாட்டுவானில் அரை மணித்தியாலம் முந்தி நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஆக, காலை 7 மணிக்குள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தை விட்டிருக்கவேண்டும்.

நயினாதீவுக்கு இதே கணக்கைப் போட்டால் நெருக்கம் குறைந்துவிடும். கடலில் 15 முதல் 20 நிமிடம்தான், பகல் முழுக்கப் படகுகள் போய்வந்துகொண்டிருக்கும். காலை 10 மணிக்கு யாழ்ப்பாணத்தில் எழும்பிச் சோம்பல் முறிக்கிற குடும்பத்துக்கும் நயினாதீவு கிடைக்கும். நெடுந்தீவு கிடைக்காது.

தாளில் இந்தக் கணக்கைப் போட்டதும் பாதிப்பேருக்கு எந்தத் தீவு என்பது தானாகவே விளங்கிவிடும்.

3. காற்றைப் பாருங்கள்

மழையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், காற்றைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். இந்தக் கடலில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுத்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. வானம் நீலமாக, வெயில் எரிக்கும். ஆனால் கடல் புரளும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் விடுமுறைக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கரையில் நின்று பார்த்தால் நல்ல நாள். நெடுந்தீவுப் படகு பாதி வழி போனதும் பிள்ளைகளின் முகம் வெளிறும்.

ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மாரி. வாடைக்காற்றும் மழையும் சேரும். தாழமுக்கம் என்று அறிவித்தால் படகு நிற்கும். வங்காள விரிகுடாவில் ஏதாவது உருவாகிற செய்தி வந்தால், யாழ்ப்பாணத்தில் வெயில் அடித்தாலும் அன்றைய திட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். அதிலும் மாரி முடிந்த கையோடு, ஜனவரி, பெப்ரவரியில் நெடுந்தீவு பச்சையாக இருக்கும். குதிரைகள் கொழுத்து நிற்கும், குட்டைகளில் தண்ணீர் இருக்கும். கோடை முற்றிய பிறகு போனால் அதே வெளி காய்ந்து வெடித்து, குதிரைகள் விலா தெரிய நிற்பதைப் பார்க்கவேண்டிவரும். கடற்பயணம் எப்படியிருந்தாலும் அந்தக் காட்சிக்காகவாவது மாதத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

சோளக காலத்தில் போயே ஆகவேண்டுமென்றால் நயினாதீவு. இருபது நிமிட ஆட்டத்தைப் பொறுக்கலாம், ஒரு மணித்தியாலத்தைப் பொறுப்பது கடினம்.

4. கூட வருகிறவர்கள் யார்?

இதில் மரியாதைக்கு இடம் கொடுக்காமல் கணக்கிடுங்கள். அம்மம்மாவுக்கு "ஒன்றும் செய்யாது தம்பி, நான் வருவன்" என்றுதான் சொல்லத் தெரியும்.

பார்க்கவேண்டியது படகில் ஏறுவதும் இறங்குவதும். துறைமேடைக்கும் படகுக்கும் நடுவில் உயர வித்தியாசம் இருக்கும், படகு ஆடிக்கொண்டிருக்கும், கை பிடித்து ஒரு எட்டு வைத்து ஏறவேண்டும். முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கடற்பயணத்தைவிட அந்த ஒரு எட்டுத்தான் கஷ்டம். சில படகுகளில் ஏறிய பிறகு குனிந்து கீழ்த்தட்டுக்கு இறங்கவும் வேண்டும். அங்கே காற்றோட்டம் குறைவு, டீசல் மணம் கூட.

வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் நயினாதீவு. நடக்கக்கூடிய, வெயில் தாங்கக்கூடிய ஆட்கள் மட்டும் என்றால் நெடுந்தீவு. இரண்டு வகையும் கலந்த குடும்பம் என்றால், நயினாதீவில் வயதானவர்களைக் கோயிலில் இருத்திவிட்டு மற்றவர்கள் சுற்றலாம் என்ற வசதி இருக்கிறது. நெடுந்தீவில் அப்படி இருத்திவிட்டுப் போக நிழலான, வசதியான இடம் துறையடியில் எதிர்பார்க்கமுடியாது.

5. இப்போது தீவைத் தெரிவுசெய்யுங்கள்

*நயினாதீவு.* ஏறக்குறைய 4 சதுர கிலோமீட்டர். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே கரையில் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வழிபாட்டுக்காகப் போகிறவர்களுக்கும், அரை நாள் மட்டும் கையில் இருப்பவர்களுக்கும் ஏற்ற தீவு. கடலில் குளிக்கலாம், மணலில் படுக்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனி மாத மகோற்சவ நாட்களில் சனம் அலைமோதும். போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர் வருவார்கள். கூட்டம் பிடிக்காது என்றால் இந்த நாட்களைக் கலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

*நெடுந்தீவு.* ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். நயினாதீவைப் போலப் பத்து மடங்குக்கு மேல். முருகைக்கற்களை (பவளப்பாறைக் கற்களை) அடுக்கிய வேலிகள், காட்டுக் குதிரைகள், பெருக்கமரம் (பாவோபாப்), பழைய கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, தெற்கே குயின்ஸ் டவர் என்ற பழைய கோபுரம் என்று பார்க்க நிறைய உண்டு, ஒன்றுக்கொன்று தூரம். வாகனம் இல்லாமல் முடியாது. முழு நாளைக் கொடுக்கத் தயாரானவர்களுக்கு மட்டும்.

*அனலைதீவும் எழுவைதீவும்.* பார்வையிடும் இடங்களின் பட்டியல் என்று ஒன்றும் இல்லை. தோட்டம், பனங்கூடல், கோயில், கடற்கரை, சனத்தின் அன்றாடம். சொந்தக்காரரோ தெரிந்தவரோ அங்கே இருந்தால் இவற்றைவிட நல்ல தீவு இல்லை. ஒருவரையும் தெரியாமல் போய் இறங்கினால், அடுத்த படகு வரும்வரை எங்கே இருப்பது, எங்கே சாப்பிடுவது என்று தடுமாறுவீர்கள். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரே நாளில் நயினாதீவும் நெடுந்தீவும் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே துறை என்பதால் வரும் ஆசை. நெடுந்தீவிலிருந்து பிற்பகல் திரும்பி, களைத்துப்போய், உடனே நயினாதீவுப் படகில் ஏறிய ஒரு குழுவோடு நான் போயிருக்கிறேன். கோயிலைத் தொட்டுவிட்டு ஓடிவந்தோம். யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. ஒன்றைத் தெரிவுசெய்து அதை ஒழுங்காகப் பாருங்கள்.

6. முதல்நாள் இரவு செய்யவேண்டியவை

தீவில் தெரிந்தவர் யாராவது இருந்தால், அல்லது தங்கப்போகும் வீட்டுக்காரரின் இலக்கம் இருந்தால், முதல்நாள் பின்னேரம் எடுத்துக் கேளுங்கள்: நாளை படகு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு, திரும்பும் கடைசிப் படகு எது? இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணையை நம்பிப் போகவேண்டாம். நெடுந்தீவுப் பயணத்தில் குமுதினி, வடதாரகை என்ற படகுப் பெயர்கள் காதில் விழும். எந்தப் படகு ஓடுகிறது என்பது மாறும்போது நேரமும் மாறும்.

அடையாள அட்டையை எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டு. துறையில் பெயர் பதியக் கேட்டால் தேடித் திணறவேண்டியதில்லை.

தண்ணீர் ஆளுக்கு ஆகக்குறைந்தது 2 லீற்றர். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். வெயிலில் கடை தேடிப் போக நேரமும் இருக்காது. காசு தாளாகக் கையில் இருக்கட்டும், சில்லறையும் வேண்டும்.

தொப்பி, துவாய், மாற்று உடுப்பு ஒன்று. போனையும் காசையும் கட்டி வைக்க ஒரு பொலித்தீன் பை. படகின் ஓரத்தில் இருந்தால் உப்புத் தண்ணீர் தெறிக்கும். நயினாதீவு என்றால் கோயிலுக்கும் விகாரைக்கும் போகக்கூடிய உடுப்பு. அரைக் காற்சட்டையோடு போய் வாசலில் நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும் என்பதையும் கூட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது, வயிறு நிறையவும் கூடாது. இரண்டு இடியப்பம் போதும். மருந்து எடுக்கிற பழக்கம் இருந்தால் படகில் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முந்தியே எடுக்கவேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை.

7. குறிகாட்டுவானுக்குப் போய்ச் சேர்தல்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் நிறுத்தி நிறுத்திப் போகும் என்பதால் ஒன்றரை மணித்தியாலம் என்றே கணக்கில் வைக்கவேண்டும். சொந்த வாகனம் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். துறையடியில் நிறுத்திவிட்டுப் போகமுடியும்.

இங்கே பலர் செய்யும் பிழை, வழியில் இறங்குவது. புங்குடுதீவுத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், பறவைகள், இறால் கூடுகள். படம் எடுக்காமல் போக மனம் வராது. அதைத் திரும்பி வரும்போது எடுங்கள்; பின்னேர வெளிச்சத்தில் இன்னும் நன்றாக வரும். காலையில் அந்தப் பத்து நிமிடத்தின் விலை ஒரு படகு. தாம்போதியில் நின்று படம் எடுத்துவிட்டு, துறைக்குப் போய்ச் சேரும்போது நெடுந்தீவுப் படகின் பின்பக்கத்தை மட்டும் பார்த்த குடும்பத்தில் நானும் ஒருவன்.

8. துறையில் நின்று செய்யவேண்டியவை

போனதும் முதலில் எந்த வரிசை எந்தத் தீவுக்கு என்று கேளுங்கள். இரண்டு தீவுக்கும் ஒரே மேடையில் ஆட்கள் நிற்பார்கள். நெடுந்தீவு என்று நினைத்து நயினாதீவு வரிசையில் கால் மணித்தியாலம் நின்றவர்கள் உண்டு.

அதற்குப் பிறகு, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இன்னுமொருமுறை கேளுங்கள். முதல்நாள் சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். படகுக்காரரிடமும், துறையில் கடமையில் நிற்பவரிடமும் கேட்டு, இரண்டில் முந்திய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்காரருக்கு வழி விடுங்கள். மருந்து, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியை எல்லாரும் அந்தப் படகை நம்பித்தான் இருக்கிறார்கள். நாங்கள் நாளைக்கும் போகலாம்.

உயிர்காப்பு அங்கி தந்தால் போட்டு வாரைக் கட்டுங்கள்; கையில் வைத்துக்கொண்டு இருப்பதில் பயனில்லை. சனம் அளவுக்கு மிஞ்சி ஏறுகிறது என்று தோன்றினால் இறங்கி அடுத்த படகைப் பாருங்கள். நயினாதீவுக்கு அடுத்தது அதிகம் தாமதிக்காது. நெடுந்தீவுக்கு அடுத்தது இல்லை என்றால் 12ஆம் பகுதிக்குப் போங்கள்.

இருக்கும் இடம்: நடுப்பகுதி அல்லது பின்பகுதி. முன்பகுதிதான் அலையில் அதிகம் எழும்பி விழும். ஆடும்போது போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைச்சுற்று குறையும்.

9. நெடுந்தீவில்: தூரத்திலிருந்து துறையை நோக்கி

நெடுந்தீவுப் பயணத்தில் மிகப்பெரிய பிழை பார்க்கும் ஒழுங்கில்தான் நடக்கிறது. மாவிலித்துறையில் இறங்கியதும் கோட்டையும் புறாக்கூடும் கிட்ட இருக்கிறதே என்று அங்கே போய், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு படம் எடுத்து, வெயில் ஏறிய பிறகு குதிரை பார்க்கப் புறப்படுவது. மச்சான் குடும்பத்தோடு நான் போனபோது அப்படித்தான் செய்தோம். தெற்கு வெளிக்குப் போய்ச் சேரும்போது ஓட்டோக்காரர் மணிக்கூட்டைப் பார்த்து, "தம்பி, இறங்கினா லோஞ்சை விட்டிடுவியள்" என்றார். குதிரைகளை ஓட்டோவின் பக்கத்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். துறையில் வந்து முக்கால் மணித்தியாலம் சும்மா நின்றோம் என்பது வேறு கதை. அந்த முக்கால் மணித்தியாலத்தில் கோட்டையைப் பார்த்திருக்கலாம்.

ஆகவே தூரத்தில் இருப்பது முதலில், கிட்ட இருப்பது கடைசியில். காரணம் எளிது: நேரம் போதாமல் போனால் விடுபடுவது துறைக்குக் கிட்டிய இடமாக இருக்கவேண்டும். நேரம் மிஞ்சினால் அங்கே நின்று செலவழிக்கலாம், படகு வருவதும் தெரியும்.

இறங்கியதும் வாகனத்தைப் பேசுங்கள். துறையடியில் ஓட்டோவும் சிறிய வாகனங்களும் நிற்கும்; சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். ஏறுவதற்கு முன் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லித் தீர்த்துவிடுங்கள்: எந்தெந்த இடம், மொத்தமாக எவ்வளவு காசு, எத்தனை மணிக்குத் துறையில் திருப்பி விடவேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஓட்டோக்காரருக்குப் படகு நேரம் தெரியும். ஆனால் நீங்கள் எந்தப் படகில் போகிறீர்கள் என்பது தெரியாது.

சைக்கிள் நல்ல யோசனைபோலத் தோன்றும். மாரி முடிந்த மாதங்களில், இளவட்டம் என்றால், சரி. மற்றப்படி தெற்கு முனைக்கும் திரும்பவும் வெயிலில் மிதிப்பது பகல் முழுவதையும் விழுங்கிவிடும். தீவு வரைபடத்தில் சின்னதாகத்தான் தெரியும்.

ஒழுங்கு இப்படி: முதலில் தெற்குப் பக்கம், குதிரைகள் மேயும் வெளி, குயின்ஸ் டவர். காலையில் குதிரைகள் திறந்த வெளியில் நிற்கும். வெயில் ஏறினால் நிழலையும் தண்ணீரையும் தேடிப் போய்விடும். பிறகு பெருக்கமரம், அதன் அடியில் உள்ள பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம், பிள்ளைகளுக்கு இதுதான் தீவிலேயே பிடித்த இடம். சாப்பாடு. கடைசியாகப் புறாக்கூடும் கோட்டையும்.

குதிரைகளிடம் கிட்டப் போகவேண்டாம். அவை கோயில் யானையைப்போலப் பழகியவையல்ல, காட்டு விலங்குகள். பின்னால் நின்றால் உதைக்கும். அந்தப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாண் துண்டு, பிஸ்கட் கொடுப்பதும், படத்துக்காக வாகனத்தால் துரத்துவதும் வேண்டாம். கோட்டையிலும் கல்வேலியிலும் ஏறாதீர்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலியில் கால் வைத்தால் கல்லோடு நீங்களும் வருவீர்கள், வளவுக்காரர் திரும்ப அடுக்கவேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டை முதலே சொல்லி வையுங்கள். கடைகள் குறைவு, சமைக்கிற அளவும் குறைவு. இறங்கியதும் ஓட்டோக்காரரிடமே கேட்டு, இத்தனை பேருக்கு என்று சொல்லிவிட்டால், ஒரு மணிக்குப் போகும்போது சோறும் மீன்குழம்பும் இருக்கும். சொல்லாமல் போனால் பணிஸும் சோடாவும்தான்.

10. நயினாதீவில்

இங்கே அதிகம் திட்டமிடத் தேவையில்லை. கோயிலடி, விகாரையடி என்று இரண்டு இறங்குதுறைகள் உண்டு. இறங்கியதும் திரும்பும் படகை எந்தத் துறையில் பிடிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டு வையுங்கள். ஒன்றில் இறங்கி, கரையோரமாக நடந்து, மற்றதில் ஏறினால் வந்த வழியே திரும்பி நடக்கவேண்டியதில்லை.

பூசை நேரத்தைப் பார்த்துப் போங்கள். மத்தியானப் பூசைக்குப் பிறகு நடை சாத்தினால் பின்னேரம்வரை காத்திருக்கவேண்டிவரும். பூசை முடிந்து அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்; அதனால் சாப்பாட்டுப் பொதி கட்டிக்கொண்டு போகும் அவசியம் பெரும்பாலும் இருக்காது.

வெயிலில் தரை கொதிக்கும். செருப்பைக் கழற்றியபின் மணலிலும் கல்லிலும் நடக்கவேண்டும் என்பதால் காலை 10 மணிக்கு முந்தியே கோயிலை முடிப்பது காலுக்கு நல்லது.

11. இரவு தங்குவதா?

நெடுந்தீவில் தங்கினால் இந்த வழிகாட்டியின் பாதி நெருக்கடி இல்லாமற் போகும். பின்னேரக் குதிரைகளையும் காலைக் குதிரைகளையும் பார்க்கலாம். ஆனால் தங்குமிடங்கள் மிகக் குறைவு. போய்ப் பார்ப்போம் என்று போகக்கூடாது, முதலே பேசிவிட்டுத்தான் போகவேண்டும். அடுத்த நாள் காற்று மாறினால் படகு ஓடாமலும் விடலாம். மறுநாளே கட்டுநாயக்காவில் விமானம் ஏறவேண்டியவர்கள் தங்கவே கூடாது. பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கடைசியில் வையாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் எடுக்கவேண்டிய மருந்து உள்ளவர்கள் ஒரு நாளுக்கு மேலதிகமாகக் கொண்டுபோகவேண்டும். இது ஒரு நாள் பயணக்காரருக்கும் பொருந்தும்.

12. படகு ஓடாவிட்டால்

துறைக்குப் போன பிறகு காற்று என்று நிறுத்திவிடுவார்கள். வாதாடவேண்டாம். கடலைத் தினமும் பார்க்கிற ஆள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நெடுந்தீவு மட்டும் இல்லை, நயினாதீவு ஓடுகிறது என்றால் அங்கேயே வரிசை மாறுங்கள். அதற்காகத்தான் நெடுந்தீவுக்குப் போகும் நாளிலும் கோயிலுக்கு ஏற்ற உடுப்பு ஒன்றைப் பைக்குள் வைக்கச் சொல்வேன்.

இரண்டும் இல்லை, சொந்த வாகனமும் இருக்கிறது என்றால், வந்த வழியே வேலணைக்குத் திரும்பி, சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு ஊர்காவற்றுறை. எதிரே கடலின் நடுவில் கடற்கோட்டை தெரியும். அங்கிருந்து காரைநகருக்குப் பாதை ஓடுகிறதா என்று கேளுங்கள். எங்களூரில் பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. அதில் நிற்கிற சில நிமிடமே பிள்ளைகளுக்குப் படகுப் பயணம்தான். காரில் வந்தவர்கள் பாதையை நம்பவேண்டாம். யாழ்ப்பாணம் திரும்பி, பொன்னாலைத் தாம்போதியால் காரைநகருக்குப் போய், கசூரினாக் கடற்கரையில் பின்னேரம்வரை இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பாதையில் ஏறுவதற்கு முன் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்: "திரும்பி வரக் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு அண்ணை?"